வினையும் காலமும்

வினைச்சொல் காலம் காட்டும். பெயர்ச்சொல் பொதுவாகக் காலம் காட்டுவதில்லை. தமிழ் இலக்கணம் கற்கப் புகும் மாணவர் முதற்கண் அறியும் செய்திகளுள் இஃது ஒன்று. 'மரம்' என்னும் சொல்லில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. 'வளர்ந்தது' என்று சொன்ன அளவிலே காலம் வந்து புகுந்துவிடுகிறது. இந்த இலக்கணத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தேன். வேதியியலார் 'வினை' என்று வழங்குவதும் காலத்தோடு பிரிக்கலாகாத தொடர்புடையது என்பதை, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே கண்ணாரக் காணும் பேறு பெற்றேன்.

ஒரு பொருள் தன் இயல்பு மாறி வேறொரு பொருளாவதை வேதிவினை என்பர். உறையிட்ட பால் தயிராவதற்கு ஓர் இரவு செல்கிறது. மழையில் கிடக்கும் இரும்பு துருவேறி உதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. தீயிட்ட வெடிமருந்தோ இமைப்பொழுதில் எரிந்து முடிகிறது. மூன்றும் வினைகளே, ஆயினும் அவற்றின் விரைவு ஒன்றற்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது! இவ்விரைவை அளந்தறியும் அறிவுத்துறைக்கு வேதிவினை வேகவியல் என்று பெயர்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் என் அண்டை வீட்டினர். தமிழ்வழியில் பயிலும் பட்ட வகுப்பு மாணவர்க்கென அவர் கரிம வேதியியல் செய்முறைக் கையேடு ஒன்றை எழுதினார். அதன் கையெழுத்துப்படியை என்னிடம் கொணர்ந்து, "ஐயா, சந்திப்பிழையும் சொற்பிழையும் இல்லாதவாறு பார்த்துத் தருதல் வேண்டும்" என்றார். நானும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டேன். ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் குறித்துக்கொண்டே சென்ற என் எழுதுகோல், ஓரிடத்தில் நின்றது. 'குறித்த நேரத்தில் வினையை நிறுத்தி, அளவிடுக' என்று அங்கே எழுதியிருந்தது. ஓடுகின்ற வண்டியை நிறுத்தலாம்; சுழல்கின்ற சக்கரத்தை நிறுத்தலாம். கண்ணுக்குப் புலனாகாத வினையை நிறுத்துவது எங்ஙனம்? பொருள் தெளியாமல் சொல்லைத் திருத்துதல் முறையன்று. ஆதலின் பேராசிரியரிடம் என் ஐயத்தைக் கூறினேன். அவர் நகைத்து, "நாளை மறுநாள் அச்செய்முறைதான் நடைபெறும், நேரில் வந்து பாருங்கள் ஐயா" என்று அழைத்தார்.

குறித்த நாளில் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றேன். நீண்ட மேசைகளின்மேல் நிமிர்ந்து நின்ற கண்ணாடிக் குழாய்களும், கூம்பு வடிவான குடுவைகளும், பனிக்கட்டி நிறைந்த கிண்ணங்களும் காணப்பட்டன. மாணவரும் மாணவியரும் வெண்ணிற மேலங்கி அணிந்து தத்தம் இடத்தில் நின்றனர். அன்று அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மெத்தில் அசிட்டேட். அது நிறமற்ற நீர்மம். பழம் போன்ற இனிய மணம் உடையது. எஸ்டர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனை நீரோடு சேர்த்தால் மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலமாகவும் மெத்தனாலாகவும் பிரியும். சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உடனிருந்தால் அப்பிரிவு விரைந்து நிகழும். அவ்வமிலம் வினையை ஊக்குமேயன்றித் தான் செலவாவதில்லை. ஆதலின் அதனை வினையூக்கி என்பர்.

குடுவையை உற்று நோக்கினேன். நிறம் மாறவில்லை, குமிழி எழவில்லை, படிவும் தோன்றவில்லை. தெளிந்த நீர் தெளிந்த நீராகவே இருந்தது. இலக்கணத்தில் தெரிநிலை வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டும். குறிப்புவினையோ காலத்தை வெளிப்படுத்தாது. நாம்தான் குறிப்பால் உணர்தல் வேண்டும். குடுவையுள் நிகழ்ந்ததும் அத்தகைய வினையே என்று எனக்குத் தோன்றியது. காணாத வினையைக் குறிப்பால் அளக்கும் வழியைப் பேராசிரியர் விளக்கினார்.

வினை நிகழ நிகழ அசிட்டிக் அமிலம் பெருகும். அமிலத்தின் அளவைக் காரத்தால் அறியலாம். குடுவையிலிருந்து 2 மில்லிலிட்டர் கரைசலைப் பிப்பெட்டினால் எடுத்து, பனிக்கட்டி இட்ட நீரில் விடுகின்றனர். அதில் பினாப்தலீன் என்னும் நிறங்காட்டியை இரண்டு துளி சேர்க்கின்றனர். பின்பு பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாக விடுகின்றனர். அமிலம் முழுவதும் காரத்தால் நடுநிலைப்படும்வரை நீர் நிறமற்றிருக்கும். அதன்பின் விழும் ஒரு துளி மெல்லிய இளஞ்சிவப்பை உண்டாக்கும். அந்த எல்லைக்குச் செலவான காரத்தின் அளவே அமிலத்தின் அளவைக் காட்டும்.

பனிக்கட்டி எதற்கு என்று வினவினேன். "ஐயா, தாங்கள் ஐயுற்ற இடம் இதுதான். குளிர்ச்சி மிகுந்தால் வினை தளரும். நீர் பெருகி அமிலம் நீர்த்துப்போனாலும் தளரும். இரண்டும் சேரும்போது வினை அடியோடு நிற்பதில்லை, நாம் அளந்து முடிக்கும்வரை பொறுத்திருக்கும் அளவிற்கு ஓய்ந்துவிடுகிறது" என்றார் அவர். "அங்ஙனமாயின் 'நிறுத்தி' என்பதினும் 'தணித்து' என்பது பொருந்தும்" என்றேன். அவர் உடனே குறித்துக்கொண்டார். பொருளைக் கண்டபின் சொல் தானே வந்து அமைவதை அன்று உணர்ந்தேன்.

என் அருகில் நின்ற மாணவி ஒருத்தி பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தன் அளவீட்டை ஏட்டில் எழுதி வந்தாள். தொடக்கத்தில் காரம் 9.5 மில்லிலிட்டர் செலவாயிற்று. அது வினையூக்கியாக முன்பே சேர்த்த அமிலத்திற்கு உரிய அளவு. பத்தாம் நிமிடத்தில் 10.1, இருபதாம் நிமிடத்தில் 10.6, முப்பதாம் நிமிடத்தில் 11.2. வினை முற்றுப்பெற்ற பின் வரும் அளவை அறிய, கரைசலின் ஒரு பகுதியை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு அளந்தனர். அது 21.5 ஆக இருந்தது. எனவே, வினை முழுமைக்கும் உரிய ஏற்றம் 12.0 மில்லிலிட்டர். முதல் முப்பது நிமிடத்தில் 1.7 மில்லிலிட்டர் ஏறியிருக்கிறது. அஃதாவது ஏழில் ஒரு பங்கு வினை முடிந்திருக்கிறது.

இவ்வினை எந்த ஒழுங்கில் செல்கிறது? ஒருவன் நூறு ரூபாய் கடன்பட்டான் என்று கொள்வோம். மாதந்தோறும் எஞ்சிய கடனில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தி வருகிறான். முதல் மாதம் பத்து ரூபாய், கடன் தொண்ணூறாகும். அடுத்த மாதம் ஒன்பது ரூபாய், கடன் எண்பத்தொன்றாகும். கடன் குறையக் குறையச் செலுத்தும் தொகையும் குறையும். ஆயினும் பத்தில் ஒன்று என்னும் விகிதம் மாறாது. மெத்தில் அசிட்டேட்டும் அவ்வாறே எஞ்சிய அளவிற்கு ஏற்பச் சிதைகிறது. இத்தகையதை முதல்வகை வினை என்பர்; மாறாத அந்த விகிதத்தை வினைவேக மாறிலி என்பர். உண்மையில் நீரும் இவ்வினையில் பங்கு கொள்கிறது. ஆனால் நீர் மிகுதியாக இருப்பதால் அதன் குறைவு புலப்படுவதில்லை. ஆகவே இதனைப் 'போலி முதல்வகை வினை' என்று வழங்குகின்றனர். ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமையைப் போலி என்று கற்பித்த எனக்கு, இப்பெயர் பழைய நண்பரைக் கண்டாற்போல் இருந்தது.

இவ்வொழுங்கை முதன்முதல் அளந்து காட்டியவர் லூட்விக் வில்ஹெல்மி என்னும் செருமானிய அறிஞர். அவர் 1850ஆம் ஆண்டில் கரும்புச் சர்க்கரையை அமிலத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். சர்க்கரைக் கரைசல், தன்னூடே செல்லும் ஒருவகை ஒளியின் தளத்தை வலப்புறமாகத் திருப்பும். அமிலத்தால் அது குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்தபின் அத்தளத்தை இடப்புறமாகத் திருப்பும். கரைசலைத் தொடாமலே, ஒளி திரும்பும் கோணத்தை அளந்து, சர்க்கரை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அவர் கணித்தார். ஒவ்வொரு கணத்திலும் சிதையும் அளவு, அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவிற்கு ஏற்ப அமைகிறது என்று கண்டு வெளியிட்டார். அக்காலத்து வேதியியலார் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. வில்ஹெல்மி 1864இல் மறைந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே, ஆஸ்ட்வால்டு என்னும் அறிஞர் இவ்வாராய்ச்சியின் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தார். புகழ் வரும் என்று எதிர்பார்த்து அளந்தவர் அல்லர் வில்ஹெல்மி. எனினும் அவர் எழுதிவைத்த அளவுகள் அவருக்குப் பின்னும் நின்று பேசின.

இனி அம்மாணவிக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். நாற்பதாம் நிமிடத்து அளவீட்டின்போது அவள் பியூரெட்டின் திருகைச் சற்று மிகுதியாகத் திறந்துவிட்டாள். மெல்லிய இளஞ்சிவப்புத் தோன்ற வேண்டிய குடுவையில் அடர்ந்த செந்நிறம் பரவிற்று. குழாயில் பார்த்தபோது 12.2 செலவாகியிருந்தது. எடுத்த கரைசல் எடுத்ததுதான். கடந்த நிமிடம் கடந்ததுதான். நாற்பதாம் நிமிடம் அன்று மீண்டும் வரப்போவதில்லை. ஐம்பதாம் நிமிடத்தில் முறையாக அளந்தாள், அப்போதும் 12.2 வந்தது. அறுபதாம் நிமிடத்தில் 12.6. ஏட்டைப் பார்ப்பவர்க்கு, வினை பத்து நிமிடம் உறங்கிவிட்டுப் பின்பு விழித்துக்கொண்டாற்போல் தோன்றும்.

அருகில் நின்ற தோழி கணக்கிட்டுப் பார்த்து, "மற்றப் புள்ளிகளின்படி 11.7 வரவேண்டும். அதனையே எழுதிவிடு, நேர்க்கோடு அழகாக அமையும், மதிப்பெண்ணும் குறையாது" என்று தாழ்ந்த குரலில் கூறினாள். அது பகைமையால் கூறிய சொல் அன்று, அன்பினால் கூறியதே. அன்றைய செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. அம்மாணவியின் முகத்தில் கவலை படர்ந்தது. எழுதுகோல் ஏட்டின்மேல் சிறிது நேரம் அசையாமல் நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள் 12.2 என்றே எழுதினாள். அதன் அருகில், 'எல்லை கடந்தது; நிறம் மிக அடர்ந்தது' என்று சிறிய எழுத்தில் குறித்தாள்.

வரைபடத்தாளில் ஐந்து புள்ளிகள் ஒரே கோட்டில் அமைந்தன. ஒன்று மட்டும் விலகி நின்றது. பேராசிரியர் வந்து நோக்கினார். "இஃது ஏன் விலகியது, அம்மா?" என்று கேட்டார். அவள் தன் குறிப்பைச் சுட்டிக் காட்டினாள். அவர் கடிந்து கொள்ளவில்லை. "காரணம் தெரிந்திருப்பதால் இதனைக் கணக்கில் சேர்க்க வேண்டா. ஆனால் தாளிலிருந்து அழிக்கவும் வேண்டா. ஐந்து புள்ளிகளைக் கொண்டு மாறிலியைக் கண்டுபிடி" என்றார். அவள் கணக்கிட்டபோது நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.005 என்று வந்தது. அதன்படி, எடுத்துக்கொண்ட பொருளில் பாதி சிதைவதற்கு 139 நிமிடம் ஆகும். பேராசிரியர் அவளுடைய ஏட்டில் கையொப்பமிட்டபின், "இந்த ஏட்டிலுள்ள மற்ற ஐந்து எண்களையும் நான் ஐயமின்றி நம்பலாம்" என்றார். அதனைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது.

ஓர் எண்ணை மாற்றி எழுதுவதால் என்ன கேடு விளைந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். மருந்துக் குப்பியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள். எந்த மாதம்வரை அதனைப் பயன்படுத்தலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த நாளை யாரும் மனம்போனபடி குறிப்பதில்லை. மருந்தைப் பல்வேறு வெப்பநிலைகளில் மாதக்கணக்காக வைத்து, அது எவ்வளவு விரைவில் சிதைகிறது என்று அளந்தே குறிக்கின்றனர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் தரப்பட்டு வரும் ஆஸ்பிரின் ஓர் எஸ்டர். ஈரம் பட்டால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். பழைய ஆஸ்பிரின் குப்பியைத் திறந்தால் புளிக்காடியின் மணம் வீசுவது இதனாலேயே. அன்று குடுவையில் நிகழ்ந்த வினையும் மருந்துக் குப்பியில் நிகழும் வினையும் ஓரினத்தைச் சேர்ந்தவை. மருந்தை ஆராய்பவர் ஒருவர், கோடு அழகாக அமையவேண்டும் என்று ஓர் எண்ணை மாற்றிவிட்டால், அக்குப்பியின்மேல் அச்சிடும் நாள் பொய்யாகும். அப்பொய்யை நம்பி மருந்து உண்பவர், யாதும் அறியாத நோயாளி அல்லரோ?

விலகி நிற்கும் அளவுகள் எல்லாம் கைத்தவறால் வருவனவும் அல்ல. சில வேளைகளில் நம் எண்ணமே தவறு என்பதை அவை அறிவிக்கும். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 1930களில் கிறிஸ்டோபர் இங்கோல்டு, எட்வர்டு ஹியூஸ் என்னும் இருவரும் கரிமச் சேர்மங்கள் சிலவற்றின் வினைவேகங்களை ஆராய்ந்தனர். காரத்தின் அளவை இரட்டித்தால் வினையின் விரைவும் இரட்டிக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சில சேர்மங்கள் அவ்வாறே நடந்தன. வேறு சிலவற்றிலோ, காரத்தை எவ்வளவு கூட்டினாலும் விரைவு அதற்கேற்பக் கூடவில்லை. அவர்கள் அவ்வளவுகளைப் பிழையெனத் தள்ளாமல், காரணத்தை எண்ணினர். அகன்ற சாலையில் பல வண்டிகள் விரைந்து வரினும், இடையில் ஒரு வண்டியே செல்லத்தக்க குறுகிய பாலம் இருப்பின், பாலத்தைக் கடக்கும் நேரமே பயணத்தின் நேரத்தை வரையறுக்கும். அதுபோல, அவ்வினைகளில் சேர்மம் முதலில் தானாகவே மெல்லப் பிரிகிறது. காரம் அதன்பின்னரே விரைந்து சேர்கிறது. முதற்படியே குறுகிய பாலம். அதில் காரத்திற்கு வேலையில்லை. எவராலும் காணவியலாத மூலக்கூறுகளின் நடையை, காலத்தை அளந்ததனாலேயே அவர்கள் அறிந்தனர்.

கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தனர். வேதியியலாரின் கால அளவு அதனினும் மிக நுண்ணியதாகிவிட்டது. ஒரு நொடியை ஆயிரம் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மேலும் ஒரு லட்சம் கூறாக்கினால் வருவது பெம்டோநொடி. அந்நுண்பொழுதில் அணுக்களின் பிணைப்பு அறுபடுவதை ஒளித்துடிப்புகளால் கண்டறிந்த அகமது செவாய்லுக்கு 1999இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கருவி பெருகினும் கால அளவு நுணுகினும், கண்டதைக் கண்டவாறு எழுதும் கடமை மட்டும் மாறவில்லை.

இக்கடமை தமிழ்ப் புலமைக்கும் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஒரு சொல் சுவடிக்குச் சுவடி வேறுபட்டிருந்தால், தமக்கு ஏற்றதை மட்டும் அச்சிட்டு மற்றதை மறைத்தார் அல்லர். வேறுபாடுகளைப் பாடபேதமாகக் குறித்து வைத்தார். பின்வரும் அறிஞர் தாமே ஆராய்ந்து முடிவு செய்ய அஃது இடந்தந்தது. விலகிய புள்ளியை அழியாது விட்ட மாணவியும் அந்த நெறியையே பின்பற்றினாள்.

கையேட்டைத் திருத்தி முடித்துப் பேராசிரியரிடம் தந்தபோது, ஒரு தொடரை மட்டும் புதிதாகச் சேர்க்குமாறு வேண்டினேன். அவரும் இசைந்தார். 'அளவீடு கோட்டில் அமையாவிடினும் கண்டவாறே எழுதுக. காரணம் தெரிந்தால் அதனையும் அருகில் குறிக்க' என்பதே அத்தொடர். மாணவர்களே! நீங்கள் நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்கலாம், கணக்கேடு எழுதலாம், வயலில் விளைச்சலை அளக்கலாம். எங்கு இருப்பினும் உங்கள் கையால் எழுதும் எண்ணை நம்பி, முன்பின் அறியாத ஒருவர் வாழ்வார். அந்நம்பிக்கைக்கு உரியவராக விளங்குங்கள்.